நாய்க்கு வயிறு கெட்டால் என்ன செய்வது: முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

நாய் வளர்க்க ஆரம்பித்த எல்லோருக்கும் ஒரு நாள் விடிகாலையில் வாசல் முழுக்கத் தண்ணி தண்ணியாகக் கழிந்து கிடக்கும். பார்த்தவுடன் பதறுவோம். பதறினால் என்ன செய்வோம்? காலையில் பாலை நிறுத்திவிட்டுத் தயிர்சோறு, மத்தியானம் அதையும் நிறுத்திவிட்டு பிஸ்கட், சாயங்காலம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மனுஷ மாத்திரை அரை, ராத்திரி பக்கத்து வீட்டம்மா சொன்ன ஓமத் தண்ணி. மறுநாள் டாக்டர் "என்ன கொடுத்தீங்க?" என்று கேட்டால் பதில் சொல்லவே பத்து நிமிஷம் ஆகும். பேதி எதனால் வந்தது, எது அதை இழுத்துவிட்டது என்று அதற்கப்புறம் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டை மாற்றினால் மருந்தைத் தொடாதீர்கள், மருந்து ஆரம்பித்தால் சாப்பாட்டைத் தொடாதீர்கள். கீழே எழுதியிருப்பதில் பாதி இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

மலத்துக்கு முன்னால் நாயைப் பாருங்கள்

எல்லோரும் குனிந்து மலத்தைத்தான் பார்க்கிறார்கள். அது எங்கேயும் ஓடிவிடாது, அப்புறம் பார்க்கலாம். முதலில் நாய் எப்படி இருக்கிறது? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலாட்டிக்கொண்டு வருகிறதா, கேட் சத்தம் கேட்டால் எழுந்து போகிறதா, தண்ணி குடிக்கிறதா? இரண்டு தடவை கழிந்துவிட்டு வழக்கம்போல் பூனையைத் துரத்துகிற பெரிய நாய்க்கு ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு தடவை கழிந்துவிட்டு மூலையில் சுருண்டு படுத்துத் தலையைத் தூக்காத குட்டிக்கு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்கக் கூடாது.

அடுத்து ஈறு. உதட்டைத் தூக்கி ஈறில் விரலால் ஒரு அழுத்து அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் தண்ணி குறைகிறது என்று அர்த்தம். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அது வெறும் வயிற்றுக் கோளாறு இல்லை, உடனே கிளம்புங்கள். நம் வேலூர்ப் பக்கம் இருக்கிற நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும், அவற்றுக்குக் கீழ்இமையை லேசாக இழுத்து உள்பக்கத்தின் நிறத்தைப் பாருங்கள்.

தோள்பட்டைக்கு மேலே தோலைப் பிடித்துத் தூக்கிவிட்டால் சட்டென்று பழைய இடத்துக்குப் போக வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் தண்ணி வற்றியிருக்கிறது. ரொம்ப வயசான, எலும்பும் தோலுமான நாயிடம் இந்தச் சோதனை ஏமாற்றும், ஈறையே நம்புங்கள்.

மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதெல்லாம் சும்மா. நாய்க்கென்று ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், இரண்டு பேர் இருந்தால் சுலபம். 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை சாதாரணம். நமக்கு 98.6 என்பதால் 102-ஐப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 103-ஐத் தாண்டினால் காய்ச்சல். 100-க்குக் கீழே போய்விட்டால் அது காய்ச்சலைவிட மோசம்.

சரி, இப்போது மலம். அளவு நிறைய, தடவை கொஞ்சம் என்றால் பெரும்பாலும் சிறுகுடல் சங்கதி. கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தடவை முக்கி முக்கிப் போய், சளி மாதிரி வழவழப்போடு கடைசியில் ஒரு சொட்டு ரத்தமும் இருந்தால் பெருங்குடல். இந்த இரண்டாவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நாய் சுறுசுறுப்பாக இருந்தால் பல சமயம் சீக்கிரம் அடங்கிவிடும். தார் மாதிரி கறுத்து ஒட்டுகிற மலம் வேறு, அது மேலே வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிவதைக் காட்டும். எல்லாவற்றையும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று யோசிக்காதீர்கள், டாக்டருக்கு உங்கள் வர்ணனையைவிட அந்தப் படம்தான் உதவும்.

பொறுத்துப் பார்க்கக் கூடாத நேரங்கள்

ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டி, தடுப்பூசி முடியவில்லை, வாந்தியும் பேதியும் சேர்ந்து வருகிறது, சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை. இதைப் பார்வோ (குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய்) என்றே நினைத்துக்கொண்டு கிளம்புங்கள், இல்லை என்று டாக்டர் சொன்னால் சந்தோஷம். ரத்தம் கலந்து ஒரு விதமான குமட்டும் நாற்றத்தோடு போவது பின்னால்தான் வரும். அதுவரை காத்திருந்தால் பாதி நேரம் போய்விடும். மார்கழி, தை மாதங்களில் தெருவெல்லாம் குட்டிகளாக இருக்கும், பரிதாபப்பட்டு ஒன்றைத் தூக்கி வருவோம், அது வரும்போதே கிருமியைச் சுமந்து வந்திருக்கலாம். தொற்றி மூன்று முதல் ஏழு நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும் என்பதால், வீட்டுக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள் நன்றாக இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சிகிச்சை இல்லாமல் விட்டால் பெரும்பாலும் பிழைக்காது. நேரத்தோடு போய் ட்ரிப்ஸ் ஏற்ற ஆரம்பித்தால் பெரும்பாலானவை தேறிவிடும்.

ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய் ஒன்று வாந்தி எடுக்கப் பார்க்கிறது, ஒன்றும் வரவில்லை, வயிறு மேளம் மாதிரி உப்பிக்கொண்டே போகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு ஜெலுசில் ஊற்றிக்கொண்டு உட்காராதீர்கள், அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு ஓட வேண்டியதுதான். கருத்தடை செய்யாத பெட்டை நாய், ஹீட் முடிந்து சில வாரம் ஆகியிருக்கிறது, நிறையத் தண்ணி குடிக்கிறது, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து கிடக்கிறது என்றால் வயிறு என்று நினைப்பீர்கள், கருப்பையில் சீழ் கோத்திருக்கக் கூடும். இதுவும் அவசரம்தான்.

இவை தவிர: வாந்தி நிற்காமல் தண்ணிகூடத் தங்காதது, மஞ்சள் காமாலை போல் கண் மஞ்சளானது, எலி மருந்து, பூச்சி மருந்து எதையாவது தின்றிருக்கலாம் என்ற சந்தேகம், வலிப்பு. மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தேங்கிய தண்ணியில் இருந்து லெப்டோ என்ற எலிக்காய்ச்சல் வரும், அது நமக்கும் தொற்றும், அதனால் கையுறை போட்டுக்கொண்டு சுத்தம் செய்யுங்கள். இன்னொன்று. எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல், குணமே மாறிப்போய் இருக்கும் நாயின் வாய்க்குள் "ஏதாவது எலும்பு மாட்டியிருக்கும்" என்று கையை விடாதீர்கள். வெறிநோயாக இருந்தால் அந்தக் கை உயிருக்கே வினையாகும்.

வெயில் காலத்தை மறந்துவிடக் கூடாது. வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மொட்டை மாடியிலோ தகர ஷெட்டிலோ கட்டிப்போட்ட நாய் மூச்சிரைத்து, வாந்தி எடுத்து, ரத்தமாகக் கழிந்தால் அது சாப்பாட்டுக் கோளாறு இல்லை, வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணியை ஊற்றி ஃபேன் போட்டுவிட்டு, அப்படியே வண்டியில் ஏற்றுங்கள்.

தண்ணி முதலில், சாப்பாடு அப்புறம்

மேலே சொன்ன எதுவும் இல்லை, வளர்ந்த நாய், வயிறு மட்டும் கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாய்க்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி தண்ணி ஒரு நாளைக்கு வேண்டும். 10 கிலோ நாய்க்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. பேதி போகும்போது இதற்கும் மேல் வேண்டும். ஆனால் வாந்தி எடுத்த நாய்க்குக் கிண்ணம் நிறைய வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டு அப்படியே திருப்பிக் கக்கும். அதனால் வாந்தி அடங்கி ஒரு மணி நேரம் கழித்து இரண்டு மூன்று ஸ்பூன், கால் மணி நேரம் பொறுத்து இன்னும் கொஞ்சம், தங்கினால் அளவைக் கூட்டலாம். ஐஸ் கட்டியை நக்க விடுவதும் நல்ல வழி.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுக்கலாம். உறையில் சொன்ன அளவுத் தண்ணியில்தான் கரைக்க வேண்டும், "நாய்க்குத்தானே" என்று பாதித் தண்ணியில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். கரைத்தது ஒரு நாளைக்கு மேல் ஆகிவிட்டால் கொட்டிவிடுங்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் ரகங்களை வாங்க வேண்டாம், சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம். இளநீர் கொஞ்சம் கொடுத்தால் தப்பில்லை. அது ஓ.ஆர்.எஸ்ஸுக்கு ஈடாகாது, அவ்வளவுதான்.

குடிக்க மறுக்கிற நாயின் தலையை அண்ணாந்து பிடித்து சிரிஞ்சில் பீய்ச்சுகிறார்களே, அதைச் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் வயிற்றுப்போக்கு நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாகவிட்டு, அது நக்கி விழுங்குகிற வேகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். நக்கவே இல்லையென்றால் அதற்கு ட்ரிப்ஸ்தான் வழி.

எத்தனை நேரம் பட்டினி, அப்புறம் என்ன

"இன்னாத்துக்கு டாக்டரு, ரெண்டு நாளு பட்டினி போடு, தானா சரியாப்பூடும்" என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தர் இருப்பார். முன்பு டாக்டர்களே ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடச் சொல்வதுண்டு, இப்போது அவ்வளவு சொல்வதில்லை. வாந்தி இருந்தால் வளர்ந்த நாய்க்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். வாந்தி இல்லாமல் பேதி மட்டும்தான் என்றால் பட்டினியே தேவையில்லை, லேசான சாப்பாடாகக் கொடுத்தால் போதும். குட்டிகளையும் மிகச் சின்ன ஜாதி நாய்களையும் பட்டினி போடவே கூடாது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் பேதியைவிட வேகமாக ஆளைச் சாய்த்துவிடும்.

லேசான சாப்பாடு என்றால் சோறும் கோழியும்தான். பச்சரிசியோ புழுங்கலரிசியோ வழக்கத்தைவிடத் தண்ணி அதிகம் வைத்துக் குழைய வேகவிடுங்கள். தோலும் கொழுப்பும் எலும்பும் இல்லாத நெஞ்சுக்கறியைத் தனியாக வெறும் தண்ணியில் வேகவைத்து நாராகப் பிய்த்துப் போடுங்கள். உப்பு வேண்டாம், மஞ்சள் தூள் வேண்டாம், சீரகம் மிளகு தாளிப்பு எதுவும் வேண்டாம், வெங்காயம் பூண்டு பக்கமே போகாதீர்கள். சோறு இரண்டு பங்கு, கறி ஒரு பங்கு. சைவ வீடு என்றால் அவித்த முட்டை வெள்ளைக்கரு, அதுவும் வேண்டாம் என்றால் கொழுப்பு நீக்கிய பாலில் எடுத்த பன்னீர் கொஞ்சம்.

அளவில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுவதற்கும் வெந்த சோறு 200 கிராம், கோழி 80 முதல் 100 கிராம் போதும். முதல் நாள் அதிலும் பாதி. ஒரே வேளையாக வைக்காமல் ஐந்தாறு வேளையாகப் பிரித்து வையுங்கள். 28 கிலோ லேப் (லாப்ரடார்) என்றால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு, ஆனால் சாப்பாடு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், எடை ஏற ஏறத் தேவை அதே வேகத்தில் ஏறாது. லேப் வளர்ப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம், அது பார்க்கிற பார்வையில் யாருக்கும் மனசு இளகிவிடும்.

இதோடு மஞ்சள் பூசணியை, அதாவது பரங்கிக்காயை, வேகவைத்து மசித்து ஒன்றிரண்டு ஸ்பூன் சேர்க்கலாம். அதன் நார் தண்ணியை உறிஞ்சி மலத்தைக் கெட்டிப்படுத்தும். தயிர் விஷயத்தில் ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். என் கருத்து: ஏற்கனவே தயிர் சாப்பிட்டுப் பழகிய நாய்க்கு ஒரு ஸ்பூன் கொடுங்கள், பழகாத நாய்க்கு வயிறு கெட்டிருக்கும்போது ஆரம்பிக்க வேண்டாம். பால் யாருக்கும் வேண்டாம். தாய்ப்பால் மறந்த குட்டிகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கிற திறன் குறைந்துகொண்டே வரும். 45 நாள் குட்டியை வாங்கி வந்து பசும்பாலில் பிஸ்கட் ஊறவைத்துக் கொடுத்து, பேதியானதும் செரலாக்குக்கு மாறி, அதிலும் பேதியானதும் "இந்தக் குட்டி வீக்கு" என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. குட்டியின் மேல் தப்பில்லை.

கேழ்வரகுக் களி, கூழ் கொடுத்தே நாய் வளர்க்கிற வீடுகள் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கமெல்லாம் உண்டு. நல்ல நாளில் பழகிய நாய்க்குச் சரிதான். பேதி நேரத்தில் நார் அதிகமுள்ள கேழ்வரகும் புளித்த கூழும் வேண்டாம், நாலு நாள் சோறே இருக்கட்டும்.

மெடிக்கல் ஷாப் வைத்தியம்

பேதியை நிறுத்த மனிதர்கள் போடும் லோபரமைடு மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள். கிருமியோ விஷமோ உள்ளே இருந்தால் அதை வெளியே விடாமல் அடைத்து வைத்த கதையாகிவிடும். கோலி, ஷெல்டி போன்ற சில ஜாதிகளில் உள்ள மரபணுக் குறையால் இந்த மருந்து மூளைக்கே போய்விடும். பாராசிட்டமால், ஐபுபுரூபன், டைக்ளோபினாக் மூன்றும் நாய்க்கு ஆபத்து, பின்னவை இரண்டும் வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கக்க வைக்கும். மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் மருந்தை "பூச்சிக்கும் ஆச்சு, உண்ணிக்கும் ஆச்சு" என்று நாய்க்குப் போடுவது இன்னொரு கிராமத்துப் பழக்கம். மாட்டின் அளவு வேறு, நாயின் அளவு வேறு, கொஞ்சம் தவறினாலும் வலிப்பு வந்துவிடும்.

மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போன தடவை டாக்டர் எழுதியதில் மிச்சம் நாலு மாத்திரை எல்லோர் வீட்டிலும் இருக்கும். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி போன்ற காரணத்துக்கு அது தேவைப்படலாம். சாதாரணப் பேதி அது இல்லாமலே நிற்கும், சும்மா கொடுத்தால் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொன்று அடுத்த பேதிக்கு வழி செய்யும். மிச்ச மாத்திரையைத் தூக்கிப் போடுங்கள்.

பூச்சி மருந்து வேறு. குட்டிகளுக்கு இரண்டு வார வயதிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஆறு மாதம் வரை மாதம் ஒரு தடவை, அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்பது பொதுவான கணக்கு. எடை பார்த்துத்தான் அளவு. வாந்தி பேதியில் துவண்டு கிடக்கும்போது பூச்சி மருந்தை வாயில் திணிக்காமல், மலத்தைச் சோதித்து டாக்டர் சொன்ன பிறகு கொடுங்கள்.

உண்ணிக்காய்ச்சல் மருந்து ஓடும்போது

நம் பக்கம் வயிற்றுக் கோளாறும் வேறு நோயும் அதிகமாகச் சேர்ந்து வருவது உண்ணிக்காய்ச்சலில்தான். சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் குடியிருக்கும் பழுப்பு உண்ணியால் எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு ரத்தத் தொற்றுகளும் வரும். நாய் சாப்பிடாது, காய்ச்சல் அடிக்கும், ஈறு வெளுக்கும், சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் வரும். எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை மூன்று நான்கு வாரம் ஓடும். இரண்டாம் நாளே வாந்தி ஆரம்பிக்கும். வீட்டில் உள்ளவர்கள் உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கூடவே சாப்பாட்டையும் மாற்றுவார்கள். இரண்டுமே தப்பு.

டாக்சிசைக்ளினை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. பாதிச் சாப்பாடு போட்டு, மாத்திரை கொடுத்து, மீதிச் சாப்பாட்டைப் போடுங்கள். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் அந்த இடம் புண்ணாகும், அதனால் பின்னாலேயே ஈரமான சாப்பாடோ கொஞ்சம் தண்ணியோ உள்ளே போக வேண்டும். பாலிலோ தயிரிலோ பன்னீரிலோ ஒளித்துக் கொடுக்காதீர்கள், சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. வெந்த கோழித் துண்டோ, இட்லித் துணுக்கோ, சுண்டைக்காய் அளவு ஈரலோ போதும். ஈரல் ருசியாக இருக்கிறதே என்று அள்ளிப் போட்டால் அதுவே பேதியாக்கும். இவ்வளவும் செய்த பிறகும் வாந்தி நிற்கவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அளவைப் பிரித்துக் கொடுக்கவோ வாந்தி நிற்க ஊசி போடவோ அவரிடம் வழி உண்டு. பாதியில் நிறுத்தினால் நோய் ஒளிந்துகொண்டு மறுபடி வரும்.

இன்னொரு விஷயம், இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. சிறுநீரகம், கல்லீரல் என்று பெரிய நோய் வந்தால் அதற்கென்று தனிச் சாப்பாடு எழுதிக் கொடுப்பார்கள், விலையும் அதிகம். நாய் குமட்டலோடு இருக்கும் அன்றே அந்தப் புதுச் சாப்பாட்டை வைத்தால், குமட்டலுக்குக் காரணமே இந்தச் சாப்பாடுதான் என்று அதன் மனசில் பதிந்துவிடும், அப்புறம் எப்போது வைத்தாலும் தொடாது. குமட்டல் அடங்கி, பழகிய சாப்பாட்டை இரண்டு மூன்று நாள் ஆசையாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு மெல்லக் கலந்து பழக்குங்கள்.

பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதும் புதுசுக்கு மாறுவதும்

மலம் கெட்டியாகி இரண்டு நாள் அப்படியே நிற்கட்டும். அப்புறம் சோறு-கோழியில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் பழைய சாப்பாடு, மறுநாள் பாதிப் பாதி, அடுத்த நாள் முக்கால், நாலாம் நாள் முழுசும். நடுவில் இளகினால் தலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஒரு படி மட்டும் பின்னால் போய் அங்கே இரண்டு நாள் நில்லுங்கள். சோறும் கோழியும் நன்றாகச் சாப்பிடுகிறதே என்று அதையே மாதக்கணக்கில் தொடராதீர்கள். அதில் கால்சியம் முதல் பல சத்துகள் போதாது, வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்துவிடும்.

நல்ல நாளில் ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கோ, பாக்கெட் தீனியிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கோ மாறுவதென்றால் இன்னும் நிதானம் வேண்டும். பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் புதுசு கால் பங்கு, அடுத்த மூன்று நாள் பாதி, அடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுசு. பழைய பாக்கெட் தீரும் நாளன்று கடைக்குப் போய் "அது இல்லை, இது இருக்கு" என்று கொடுத்ததை வாங்கி வருவதுதான் பாதிப் பேதிக்குக் காரணம், ஒரு வாரத் தீனி மீதியிருக்கும்போதே வாங்கிவிடுங்கள். கடையில் மூட்டையைப் பிரித்து வைத்துக் கிலோக் கணக்கில் லூஸாக விற்பதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள். நம் ஊர் வெயிலில் அதில் உள்ள கொழுப்பு சிக்கு வாடை அடித்துக் கெட்டுவிடும், எப்போது பிரித்தார்கள் என்பதும் தெரியாது.

இந்தப் பத்து நாளும் வீட்டில் ஒரே ஒருத்தர்தான் சாப்பாடு வைக்க வேண்டும். பாட்டி மேரி பிஸ்கட் போடுவார், பேரன் சிப்ஸ் போடுவான், அப்பா இட்லி போடுவார், கேட்டால் யாரும் எதுவும் போடவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, நாய் வாய்க்குள் போனது எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துச் சிக்கல்கள் சில

ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி மீதி. அதில் எண்ணெய், மசாலா, வெங்காயம், பூண்டு, வெந்த எலும்பு எல்லாம் இருக்கிறது, நாய்க்கு ஆகாததை ஒரே இலையில் வைத்த மாதிரி. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். கொழுப்பு அதிகமானால் கணையம் வீங்கும், நாய் முதுகைக் கூனி நின்று, விடாமல் வாந்தி எடுக்கும். பக்ரீத் சமயத்தில் மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் கொழுப்புத் துண்டுகள் நிறையக் கிடைக்கும், அதிலும் இதே கவனம் வேண்டும். ஆற்காடு மக்கன் பேடாவைக் குழந்தைகள் அன்பாக ஊட்டிவிடும், உள்ளே பருப்போடு உலர்ந்த திராட்சையும் இருக்கலாம், திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

மாம்பழக் காலத்தில் மாங்கொட்டை. லேப் ஒரே வாயில் விழுங்கும், அது குடலில் போய் அடைத்துக்கொள்ளும். தின்றதற்கு ஒன்றிரண்டு நாள் கழித்து, சில சமயம் இன்னும் தாமதமாக, வாந்தி ஆரம்பிக்கும், மலமே வராது, எக்ஸ்ரேயோ ஸ்கேனோ எடுக்க வேண்டிவரும். தோல் பதனிடும் ஊர்களில் கிடைக்கிற தோல் துணுக்குகளும் அப்படித்தான், செரிக்கவும் செரிக்காது, பதனிடப் போட்ட ரசாயனமும் அதில் இருக்கும். கடிக்கட்டும் என்று அதைக் கொடுக்காதீர்கள்.

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, தீபாவளி, இப்படி வெடிச் சத்தம் அதிகமுள்ள நாட்களில் பயத்திலேயே சில நாய்களுக்கு வயிறு கலங்கும். சளியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், சத்தம் அடங்கினால் அதுவும் அடங்கும். அந்த வாரத்தில் சாப்பாட்டு மாற்றம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

கொண்டுபோக வேண்டியவை: புது மலம் கொஞ்சம் சுத்தமான டப்பாவில், போனில் எடுத்த படங்கள், ஃபிரிட்ஜில் ஒட்டிய தாள், தடுப்பூசிப் புத்தகம், கொடுத்த மாத்திரைகளின் அட்டை. மனுஷ மாத்திரை கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், டாக்டர் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். எடை தெரியவில்லை என்றால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, அப்புறம் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள். வாந்தி எடுக்கிற நாயின் வாயைக் கயிற்றால் கட்டாதீர்கள், கக்கியது மூச்சுக்குழாயில் போய்விடும். ஆட்டோவில் போவதாக இருந்தால் பழைய பெட்ஷீட் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஆட்டோக்காரர் அடுத்த தடவையும் வர வேண்டுமே.

மாட்டாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வேலை நேரம், ராத்திரியில் யார் பார்ப்பார்கள், ஸ்கேன் எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் நாய் நன்றாக இருக்கும்போதே விசாரித்து எழுதி வைக்க வேண்டும். பெரிய சிக்கல் என்றால் 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது, வேலூரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர். துவண்டுபோன நாயை அவ்வளவு தூரம் கொண்டுபோவதற்கு முன் இங்கேயே ஒரு பாட்டில் ட்ரிப்ஸாவது ஏற்ற முடியுமா என்று கேளுங்கள்.

வீட்டில் பார்வோ வந்திருந்தால் பினாயில் ஊற்றிக் கழுவுவதால் பிரயோஜனம் இல்லை, அந்தக் கிருமி அதற்கெல்லாம் சாகாது, தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். முதலில் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணி கலந்து, பத்து நிமிஷம் ஈரமாக ஊறவிட்டு அலசுங்கள். மண் தரையில் இது முழுசாக வேலை செய்யாது. அதனால் தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியை அந்த வீட்டுக்குள் கொண்டுவர அவசரப்படாதீர்கள். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, பதினாறு வாரம் ஆகும்வரை. நடுவில் வயிறு கெட்டு ஒரு ஊசி தவறிப்போனால், நோயோடு இருக்கும்போது போடச் சொல்லாமல், தேறியதும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அடுத்த தேதியை டாக்டரிடம் புதிதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.